பழைய பிக்கப்பில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பொருத்துவதும் செட் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்சக்கரம் இழுக்கும் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை எந்த கம்பெனி எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறுசக்கரத்துக்கும் விசை கொடுக்கும் டிஃபரன்ஷியல்) வாங்குவது என்பதில்தான் தொடங்கும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. எல்.எஸ்.டி.யை உள்ளே வைக்க வேண்டுமென்றால் கிரௌன் வீலை (டிஃபரன்ஷியலில் திருகியிருக்கும் பெரிய பல்வளையம்) வெளியே எடுத்துத் திரும்ப மாட்ட வேண்டும். அது பினியனோடு (அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) மறுபடி சரியாகக் கடிக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல எல்.எஸ்.டி. போட்டாலும் ஆக்சில் ஊளையிடும், பல்லும் சீக்கிரம் போய்விடும். அதனால் இங்கே அளவுகளைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

சேற்றில் மாட்டினால் ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுற்றுகிறது? பிக்கப்பில் இது ஏன் இவ்வளவு அதிகம்?

சாதா டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுப்பு, இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு திருகுவிசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் அதைச் சுற்ற மிகக் குறைந்த விசை போதும். பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அதே குறைந்த விசைதான் போய்ச் சேரும். அதனால் வண்டி நகராது.

பிக்கப்பில் இது மோசமாவதற்கு இரண்டு காரணங்கள். சுமை இல்லாதபோது பின்பக்கம் ரொம்ப லேசு, எடையெல்லாம் முன்னால் எஞ்சின் மேல் இருக்கிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் தண்டு) பினியனைத் திருகும்போது, அந்தத் திருகல் ஆக்சில் ஹவுசிங்கையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். வழக்கமான திசையில் சுற்றும் எஞ்சினில் இடது பின்சக்கரம் தரையில் அழுந்தும், வலது பின்சக்கரத்தின் பாரம் குறையும். பழைய லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் முதலில் வலது பின்சக்கரம் சுற்ற ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம்.

எல்.எஸ்.டி. வகைகளில் எது எனக்குச் சரி?

கிளட்ச் பிளேட் வகைதான் பழைய பிக்கப்புகளில் அதிகம். சைடு கியருக்கும் (ஆக்சில் ஷாஃப்டைச் சுற்றும் பல்சக்கரம்) கேஸுக்கும் (டிஃபரன்ஷியலின் வெளிக்கூடு) நடுவே பிளேட்டுகள் அடுக்கி, ஸ்பிரிங்கால் கொஞ்சம் அழுத்தி வைத்திருப்பார்கள். ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக், ஆக்சில் தயாரிக்கும் டானாவின் டிராக்-லாக், ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் வந்த பாசிட்ராக்‌ஷன் எல்லாம் இந்தக் குடும்பம். ஸ்பிரிங் எப்போதும் கொடுக்கும் அழுத்தம் ஒரு பங்கு. எஞ்சின் இழுக்கும்போது ஸ்டார் கியர்கள் (இரு சைடு கியருக்கும் நடுவே இருக்கும் சிறிய பல்சக்கரங்கள்) சைடு கியரை வெளிப்பக்கம் தள்ளும் அழுத்தம் இன்னொரு பங்கு. நன்றாக வேலை செய்யும், பிரித்துப் புதுப்பிக்கவும் முடியும். ஆனால் பிளேட் தேயும்.

ஹெலிகல் கியர் வகையில் கிளட்சே கிடையாது. வெர்னன் கிளீஸ்மன் 1958-ல் காப்புரிமை பெற்ற டார்சன் இந்த வழியில் வந்தது. பிக்கப்புகளுக்கு அதிகம் போடப்படுவது ஈட்டனின் டெட்ராய்ட் ட்ரூடிராக். சத்தமில்லாமல் இயங்கும், தேய்மானம் மிகக் குறைவு, செட் செய்ய உள்ளே எதுவும் இல்லை. குறை ஒன்று: பிடிப்பு குறைந்த சக்கரத்தில் இருக்கும் விசையைப் போல இத்தனை மடங்கு என்றுதான் மறுபக்கம் கொடுக்கும். ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் அந்தப் பக்கம் விசை கிட்டத்தட்ட பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். அப்போது பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், தொங்கும் சக்கரத்தில் கொஞ்சம் தடை உண்டாகி மறுபக்கம் இழுக்க ஆரம்பிக்கும்.

1973 முதல் ஜி.எம். பிக்கப்புகளில் ஈட்டன் செய்த கவர்னர் வகை வந்தது. அது எல்.எஸ்.டி. மாதிரி மெதுவாகப் பிடிக்காது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. இதைக் கழற்றிவிட்டு வேறு போட நினைப்பவர்கள் பலர். நல்ல நிலையில் இருந்தால், சுமை ஏற்றாத சாதாரண ஓட்டத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால், தினமும் ஓடும் வண்டிக்கு ஹெலிகல். கரடுமுரடான பாதையில் சக்கரம் அடிக்கடி தூக்கும் வண்டிக்கு கிளட்ச் வகை.

என் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை முழுதாகத் தூக்கி ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதா டிஃபரன்ஷியல், அல்லது பிளேட் முழுக்கத் தேய்ந்த எல்.எஸ்.டி. ஒரே திசையில் சுற்றினால் எல்.எஸ்.டி. உயிரோடு இருக்கிறது. ஜி.எம். கவர்னர் வகையும், ஸ்பிரிங் முன்னழுத்தம் இல்லாத சில ஹெலிகல் வகைகளும் இந்தச் சோதனையில் சாதா மாதிரியே காட்டும், அதை நினைவில் வையுங்கள்.

எழுத்திலும் தடயம் இருக்கும். ஜி.எம். வண்டியின் குளோவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் ஜி80 என்று இருந்தால் பூட்டும் வகை டிஃபரன்ஷியல். ஃபோர்டு ஆக்சிலில் தொங்கும் தகட்டில் 3எல்73 மாதிரி எண்களுக்கு நடுவே எல் எழுத்து வந்தால் எல்.எஸ்.டி., விகிதம் (கிரௌனின் ஒரு சுற்றுக்கு பினியன் சுற்றும் எண்ணிக்கை) 3.73. பல வண்டிகளில் ஆயில் ஊற்றும் துளை அருகே எல்.எஸ்.டி. ஆயில் மட்டும் ஊற்றவும் என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பார்கள். ஆனால் இருபது முப்பது வருடம் ஓடிய வண்டியில் ஆக்சிலையே யாராவது மாற்றியிருக்கலாம். அதனால் சுற்றிப் பார்ப்பதுதான் நம்பகம்.

வாங்கும் முன் எதையெல்லாம் ஒப்பிட வேண்டும்?

ஆக்சிலின் சரியான மாடல், கிரௌன் அளவு, ஆக்சில் ஷாஃப்டின் ஸ்பிளைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பல்) எண்ணிக்கை, கியர் விகிதம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். ஃபோர்டு 8.8 அங்குல ஆக்சில் 28 ஸ்பிளைனிலும் வரும், 31 ஸ்பிளைனிலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஷாஃப்டை உருவி எண்ணிப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

விகிதம் ஏன் முக்கியம் என்றால், பல ஆக்சில்களில் விகிதத்தைப் பொறுத்து கேஸே மாறும். டானா 44-ல் 3.73 வரை ஒரு கேஸ், 3.92-லிருந்து மேலே வேறு கேஸ். டானா 60-ல் அந்தக் கோடு 4.10-க்கும் 4.56-க்கும் நடுவே வருகிறது. தவறான கேஸ் வந்தால் கிரௌன் பினியனை எட்டவே எட்டாது, அல்லது இடித்துக்கொண்டு நிற்கும்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல பிக்கப்புகளில் பின்சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். உண்டு. பலவற்றில் அதன் சென்சார் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்வளையத்தைப் படிக்கும். புது எல்.எஸ்.டி.யில் அந்த வளையத்தை மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது அந்த வளையத்தின் மேல் கடப்பாரையை ஊன்றினால் ஒரு பல் மடங்கினாலும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

வேறு வண்டியிலிருந்து கழற்றிய எல்.எஸ்.டி. வாங்கலாமா?

கிளட்ச் வகை என்றால் பிளேட் செட் புதிதாகப் போடுவதாகக் கணக்குப் போட்டு வாங்குங்கள். கேஸின் உள்ளே பிளேட் காதுகள் உட்காரும் பள்ளங்களைப் பாருங்கள். அங்கே படிபடியாகத் தேய்ந்திருந்தால் புது பிளேட்டும் சிக்கிச் சிக்கித்தான் நகரும், அந்தக் கேஸை விட்டுவிடுங்கள். ஸ்டார் கியர் ஷாஃப்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருந்தாலும் அப்படியே.

டொயோட்டா ஹைலக்ஸின் 8 அங்குல ஆக்சில் மாதிரி, முன்பக்கம் நட் கழற்றி முழு பிண்டமாக வெளியே வரும் அமைப்பு இருந்தால், கிரௌன், பினியன், எல்.எஸ்.டி. மூன்றும் சேர்ந்த செட்டாகவே வாங்கி மாட்டுவது நல்ல வழி. விகிதம் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் செட் செய்தது கலையாமல் இருக்கும்.

பிரிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கட்டத்தைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். மூடியைத் திறந்து ஆயில் வடிந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள், டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) எடுங்கள்.

காந்த அடிப்பாகத்தை ஹவுசிங் விளிம்பில் ஒட்டி, கேஜின் முனையைக் கிரௌன் பல்லின் வெளி ஓரத்தில் செங்குத்தாக வையுங்கள். பினியனை அசையாமல் பிடித்து, கிரௌனை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முள் காட்டும் அளவுதான் பேக்லாஷ். சுற்றிலும் குறைந்தது நான்கு இடத்தில் எடுத்து எழுதுங்கள். அடுத்து பல்லில் மை தடவிச் சுற்றி, பதிவைப் போட்டோ எடுங்கள்.

ஏன் இந்தச் சிரமம்? பழைய கிரௌனும் பினியனும் ஒன்றோடொன்று ஓடி ஓடித் தேய்ந்து பழகியவை. அவற்றைப் புது கியருக்கான புத்தக அளவில் வைத்தால் சில நேரம் ஊளை கிளம்பும். முன்பு எந்த அளவில் சத்தமில்லாமல் ஓடியதோ, அதே அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் குறிக்கோள். அந்த அளவு நீங்கள் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. பிரித்த பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பேரிங் தொப்பிகளுக்கு இடது, வலது என்று சென்டர் பஞ்சால் அடையாளம் போடுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. பக்கம் மாறினாலோ தலைகீழானாலோ பேரிங் வட்டமாக உட்காராது.

கழற்றுவதில் எங்கே கவனம் வேண்டும்?

ஆக்சில் ஷாஃப்ட் எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சி-கிளிப் வகையில் (ஆக்சிலின் உள்முனையை C வடிவக் கிளிப் பிடித்திருக்கும்) ஸ்டார் ஷாஃப்டின் பூட்டுப் போல்ட்டைக் கழற்றி, அந்த ஷாஃப்டை உருவி, ஆக்சிலைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் கிளிப் விழும். அந்தப் பூட்டுப் போல்ட் மெல்லியது. இறுகியிருந்தால் சூடு காட்டித் தளர்த்துங்கள். உள்ளே உடைந்தால் பாதி நாள் போய்விடும். திரும்ப மாட்டும்போது புதுப் போல்ட், திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் (சக்கரத்தின் பாரம் ஷாஃப்டில் விழாமல் ஹவுசிங்கில் நிற்கும் வகை) சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை வெளியே இழுத்துவிடலாம்.

பேரிங்குக்கு வெளியே வரும் ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு வளையங்கள்) எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கமே தனித்தனியாகக் கட்டி வையுங்கள், தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். டானா ஹவுசிங்கை விரிக்கும் கருவியால் திறந்தால் 0.5 மி.மீ.க்கு மேல் விரிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு, திரும்பச் சுருங்காது.

ஜி.எம். 10 போல்ட், 12 போல்ட் ஆக்சில்களில் கிரௌன் போல்ட்டுகள் இடது மரை. கழற்றுவதற்கு வலப்பக்கம் திருக வேண்டும். இது தெரியாமல் நீளமான பைப் போட்டு இழுத்துத் தலையை முறித்தவர்கள் உண்டு.

டிராக்‌ஷன்-லாக்கைப் பிரிக்கும்போது நடுவில் இருக்கும் எஸ் வடிவ ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருக்கும். துணியைச் சுற்றிப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, கண்ணாடி அணிந்து தட்டுங்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

கிரௌனைப் புது கேஸில் ஏற்றுவது எப்படி?

இரண்டு முகங்களிலும் பழைய பசை, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய்க் கல்லால் தேய்த்து நகத்தால் தடவிப் பாருங்கள். கிரௌனை 100 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்டுச் சூடாக்கினால் எளிதாக உட்காரும். நெருப்பு நேரடியாகப் பல்லில் படக் கூடாது. போல்ட்டால் இழுத்து ஏற்றுவதானால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக. போல்ட்டுகள் புதியவை, உறுதியான திரெட் லாக்கரோடு, கையேடு சொல்லும் டார்க்கில்.

பேரிங் புதிது போடுங்கள். பழைய கேஸிலிருந்து பிடுங்கிய பேரிங் பெரும்பாலும் இழுக்கும்போதே கெட்டிருக்கும். ஏற்றி முடித்ததும் கிரௌனின் பின்முகத்தில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.10 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஏதோ அழுக்கு மாட்டியிருக்கிறது. கழற்றி மறுபடி துடையுங்கள்.

பேக்லாஷும் பிரீலோடும் சரியாக வைப்பது எப்படி?

வேலையின் மையம் இங்கேதான். இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். கிரௌன் பினியனிலிருந்து எவ்வளவு தூரம் என்பது பேக்லாஷ். இரண்டு பக்க பேரிங்கும் எவ்வளவு இறுக்கமாக நெருக்கப்பட்டிருக்கின்றன என்பது பிரீலோடு.

ஷிம் வகையில் முதலில் பழைய ஷிம்களையே போட்டுப் பாருங்கள். புது கேஸின் அளவு பழையதற்கு ரொம்ப நெருக்கமாக இருந்தால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். பெரும்பாலும் கொஞ்சம் மாறும். பேக்லாஷ் குறைய வேண்டுமா? கிரௌன் இருக்கும் பக்கம் ஷிம் கூட்டி, அதே அளவை மறுபக்கம் குறையுங்கள். அதிகமாக வேண்டுமானால் இதற்கு நேர்மாறு. மொத்தத் தடிமன் மாறாத வரை பிரீலோடும் மாறாது. தோராயக் கணக்கு ஒன்று: 0.03 மி.மீ. ஷிம் நகர்த்தினால் பேக்லாஷ் 0.02 மி.மீ. மாறும். இது தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஷிம் மாற்றும் சுற்றுகள் பாதியாகும்.

ஆட்டம் இல்லாத நிலை வந்த பிறகு பிரீலோடுக்காக இரண்டு பக்கமும் சேர்ப்பது தனி. ஜி.எம். 10 போல்ட்டில் பக்கத்துக்கு 0.10 மி.மீ. கடைசி ஷிம்மைச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கையால் நழுவி உள்ளே போனால் போதாது. மென்மையான சுத்தியல், ஷிம்மின் ஓரத்தில் சீராகத் தட்ட வேண்டும்.

ஹைலக்ஸில் ஷிம் இல்லை, இரு பக்கமும் மரை நட். இது இன்னும் நிதானமாகச் செய்யலாம். ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் அதே அளவு இறுக்கினால் கிரௌன் நகரும். பல் ஆட்டம் 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள் வந்ததும், பேரிங் ஆட்டம் போகும் நிலையிலிருந்து நட்டை ஒன்று, ஒன்றரைக் காடி அளவு இறுக்குவது பிரீலோடு. பினியன் மட்டும் சுற்ற எவ்வளவு விசை வேண்டுமோ, அதைவிட 0.4 முதல் 0.6 நியூட்டன் மீட்டர் அதிகமாக மொத்தம் காட்ட வேண்டும். இந்தச் சின்ன அளவுகளைப் பெரிய டார்க் ரென்ச் காட்டாது. முள் வகைச் சிறிய ரென்ச் ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

வழக்கமான பிக்கப் ஆக்சில்களில் பேக்லாஷ் 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் வரும். ஃபோர்டு 8.8 அங்குலம் இதைவிடக் கொஞ்சம் தாராளம், 0.20 முதல் 0.38 வரை போகலாம். சுற்றிலும் எடுத்த அளவுகளுக்குள் வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் கிரௌன் நேராக உட்காரவில்லை. அதை ஷிம்மால் சரி செய்ய முடியாது.

ஒவ்வொரு முறை அளக்கும் முன்பும் தொப்பிப் போல்ட்டுகளை முழு டார்க்கில் இறுக்குங்கள், கிரௌனைச் சில சுற்று சுற்றி பேரிங்கை உட்கார விடுங்கள். பாதி இறுக்கத்தில் எடுத்த அளவு பொய் சொல்லும்.

பினியனையும் கழற்ற வேண்டுமா?

விகிதம் மாற்றவில்லை, பினியன் பேரிங் நன்றாக இருக்கிறது, சீல் கசியவில்லை என்றால் தொடாதீர்கள். எல்.எஸ்.டி. மாற்றும்போது பினியன் ஆழம் மாறுவதில்லை. தேவையில்லாமல் நட்டைக் கழற்றினால் கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கி பிரீலோடைப் பிடிக்கும் குழாய்) வீணாகும், பிரீலோடு புதிதாகச் செட் செய்ய வேண்டிவரும். பினியனை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும்போது ஆட்டம் தெரிந்தால்தான் அந்த வேலை.

மை தடவிப் பார்க்கும் பதிவை எப்படிப் படிப்பது?

மஞ்சள் மார்க்கிங் பசையைக் கிரௌனின் சில பற்களில் இரு பக்கமும் தடவுங்கள். கிரௌனை லேசாகப் பிடித்துத் தடை கொடுத்துக்கொண்டே பினியனை இரு திசையிலும் சுற்றுங்கள். தடை இல்லாமல் சுற்றினால் பதிவு விழாது.

முன்னோக்கி இழுக்கும்போது கடிக்கும் குவிந்த பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டியது. பதிவு பல்லின் உயரத்தில் நடுவாக இருக்க வேண்டும். பல்லின் அடியில் ஆழமாகப் பதிந்தால் பினியன் அதிகம் உள்ளே வந்திருக்கிறது. உச்சி ஓரத்தில் பதிந்தால் பினியன் வெளியே போயிருக்கிறது. இரண்டையும் பினியன் ஷிம்மால்தான் திருத்த முடியும். நீங்கள் பினியனைத் தொடாமல் இருந்தும் இப்படி வந்தால், தவறான கேஸ் அல்லது தேய்ந்த பினியன் பேரிங் மேல் சந்தேகப்படுங்கள்.

பதிவு நீளவாக்கில் உள் ஓரம் போனால் பேக்லாஷ் குறைவு, வெளி ஓரம் போனால் அதிகம். ஓடித் தேய்ந்த கியரில் பின்பக்கப் பதிவு கொஞ்சம் அழகில்லாமல் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். முன்பு எடுத்த போட்டோவோடு ஒத்துப்போகிறதா, அதுதான் கேள்வி.

கிளட்ச் பிளேட்டுகளை எப்படி அடுக்குவது, இறுக்கத்தை எப்படி மாற்றுவது?

பிளேட்டுகளை எல்.எஸ்.டி. ஆயிலில் குறைந்தது அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். காய்ந்த பிளேட்டைப் போட்டு ஓட்டினால் முதல் வளைவிலேயே மேற்பரப்பு எரியும். அடுக்கு வரிசை கழற்றியபோது இருந்ததேதான்: சைடு கியரோடு சேரும் உராய்வு பிளேட் ஒன்று, கேஸோடு சேரும் இரும்பு பிளேட் ஒன்று, மாறி மாறி. ஷிம் கேஸ் பக்கம்.

இறுக்கம் மூன்று வழியில் மாறும். ஷிம் தடிமன், ஸ்பிரிங் வலிமை, பிளேட் அடுக்கும் முறை. ஷிம் கூட்டினால் சைடு கியர் உள்ளே நகர்ந்து ஸ்டார் கியரோடு இருக்கும் ஆட்டம் குறையும். அந்த ஆட்டம் சுத்தமாகப் போனால் கியர் இறுகி உடையும், அதனால் ஷிம்மை எல்லை மீறிக் கூட்ட வழியில்லை. பதிலாகப் பலர் ஸ்பிரிங்கை வலுவாக்குவார்கள், அல்லது கூடுதல் உராய்வு பிளேட் போடுவார்கள்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. சாலையில் ஓடும் பிக்கப்புக்கு நிலையான இறுக்கத்தை ரொம்பக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு சின்ன வளைவிலும் பிளேட் இழுபடும், டயர் தேயும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். தொழிற்சாலை அளவில் புது பிளேட் போட்டாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

நிசான் பிக்கப்புகளில் வரும் வகை கொஞ்சம் வேறு. ஸ்டார் ஷாஃப்ட் சரிவு வெட்டிய வளையங்களுக்கு நடுவே நிற்கும். விசை வந்ததும் சரிவில் ஏறி வளையங்களை விலக்கி பிளேட்டை அழுத்தும். இழுக்கும்போது மட்டும் பிடிக்க வேண்டுமா, ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் பிடிக்க வேண்டுமா என்பது அந்தச் சரிவின் கோணத்தைப் பொறுத்தது. பிக்கப்புக்கு விடும்போது லேசாகப் பிடித்தால் போதும்.

இறுக்கம் சரியா என்று வண்டியில் வைத்தே சோதிக்க முடியுமா?

முடியும். முன்சக்கரங்களுக்குக் கட்டை, கியர் நியூட்ரல், கைப்பிரேக் தளர்வு, ஒரு பின்சக்கரம் தரையில், மறுசக்கரம் மேலே. மேலே இருக்கும் சக்கரத்தின் மையத்தில் டார்க் ரென்ச் மாட்டி மெதுவாகத் திருப்புங்கள். சக்கரம் தொடர்ந்து சுற்றும்போது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்டு 8.8 டிராக்‌ஷன்-லாக்குக்குக் குறைந்தபட்சம் 27 நியூட்டன் மீட்டர். ஜீப்களில் வந்த டானா டிராக்-லாக்குக்கு 41-க்குக் குறையவும் கூடாது, 271-ஐத் தாண்டவும் கூடாது. புது பிளேட்டில் அளவு தூக்கலாகத்தான் இருக்கும், ஓடிப் பழகியதும் இறங்கும். சுற்றும்போது விட்டுவிட்டு உதறினால் பிளேட் சீராக நகரவில்லை. ஹெலிகல் வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

என்ன ஆயில் ஊற்றுவது?

கிளட்ச் வகைக்கு ஜி.எல்-5 தரத்தில் எல்.எஸ்.டி.க்கென்று வரும் கியர் ஆயில், அல்லது சாதா ஜி.எல்-5 ஆயிலோடு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (பிளேட் சீராக வழுக்க உதவும் கலவை). பிசுபிசுப்பு 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, கனத்த சுமைக்கு 85டபிள்யூ-140. ஃபோர்டு 8.8-க்கு மாடிஃபையர் அளவு சுமார் 118 மி.லி. ஆயில் லேபிளில் ஏற்கெனவே மாடிஃபையர் கலந்திருக்கிறது என்றிருந்தால் மேலும் ஊற்றாதீர்கள். அதிகமானால் பிளேட் பிடிக்காமல் வழுக்கும்.

ட்ரூடிராக்குக்கு நேர்மாறு. அது உராய்வில்தான் வேலை செய்கிறது. மினரல் ஜி.எல்-5 ஆயில், மாடிஃபையர் இல்லாமல். செயற்கை ஆயில் வேண்டாம் என்றுதான் ஈட்டனே சொல்கிறது.

மூடியை மாட்டும்போது ஆக்சிலின் காற்றுத்துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி புது சீல் வழியாகவே ஆயில் வெளியே வரும், பிரேக் டிரம்மில் இறங்கும்.

புது எல்.எஸ்.டி.யை எப்படிப் பழக்குவது?

காலியான சமதரையில் எட்டு வடிவத்தில் மெதுவாக, பதினைந்து இருபது முறை சுற்றுங்கள். பிளேட்டெல்லாம் ஆயிலில் நனைந்து சீராகப் படியும். பிறகு கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டி, முழுதாக ஆற விட்டு, மறுபடி ஓட்டுங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை இழுவைச் சுமை வேண்டாம். அதன் பிறகு ஆயிலை மாற்றுங்கள். வடியும் ஆயிலில் நுண்ணிய கருப்புப் பொடி இருந்தால் இயல்பு. கையில் தட்டுப்படும் இரும்புத் துண்டு இருந்தால் மூடியைத் திறந்தாக வேண்டும்.

வளைவில் கடகடவென்று உதறுகிறது. செட்டிங் தவறா?

பெரும்பாலும் ஆயில். மெதுவாக முழு ஸ்டீயரிங் ஒடித்துத் திரும்பும்போது மட்டும் உதறினால், பிளேட் வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்துப் போகிறது என்று பொருள். கொஞ்சம் மாடிஃபையர் சேர்த்து, மறுபடி எட்டு போட்டுப் பாருங்கள். பழைய ஆயில் என்றால் மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பிளேட் எரிந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும்.

நேரே போகும்போது ஊளை சத்தம் வந்தால்?

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது வந்து, விட்டால் போனால் கிரௌன் பினியன் கடிப்பு சரியில்லை. விட்டால் மட்டும் வந்தால் பினியன் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் மாறாமல் கரகரவென்று வேகத்தோடு ஏறினால் பேரிங். இந்த மூன்றும் எல்.எஸ்.டி.யின் குறை கிடையாது. ஊளையை அடக்கக் கனத்த ஆயில் ஊற்றி நாளைக் கடத்த வேண்டாம். பல் கெட்டுப்போவதற்குள் திறந்து பேக்லாஷை அளந்துவிடுங்கள்.

எல்.எஸ்.டி. போட்ட பிறகு பாதுகாப்பில் என்ன மாறுகிறது?

இரண்டு விஷயம் உயிரோடு தொடர்புடையது.

ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி எஞ்சினை ஓடவிட்டு கியர் போடவே கூடாது. சாதா டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். எல்.எஸ்.டி.யில் தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். வீல் பேலன்ஸ், பிரேக் சோதனை எதுவானாலும் இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

அடுத்தது மழை. சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறுசக்கரம் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து வைக்கும். எல்.எஸ்.டி.யில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், சுமையில்லாத பிக்கப்பின் வால் சாலையின் சரிவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வண்டியை வேறு யாருக்காவது ஓட்டக் கொடுத்தால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

டயரில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

பின்னால் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் வழுக்கை என்றால் நேர்ச்சாலையிலும் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். பிளேட் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். அளவு வேறுபட்ட ஸ்டெப்னி போட்டு நீண்ட தூரம் போவதும் இதே கதிதான்.

நான்கு சக்கர பிக்கப்பில் முன் ஆக்சிலிலும் போடலாமா?

போடலாம். ஆனால் முன்சக்கரம்தான் திரும்புகிறது, அதனால் எந்தத் தடையும் நேராக ஸ்டீயரிங்கில் தெரியும். முன்னால் கிளட்ச் வகையைவிட ஹெலிகல் மிருதுவானது. கையால் பூட்டும் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) உள்ள பழைய வண்டி என்றால் இன்னும் நல்லது. சாலையில் ஹப்பைத் திறந்து விட்டால் முன் டிஃபரன்ஷியல் இருப்பதே தெரியாது. இரண்டு ஆக்சிலுக்கும் செலவு செய்ய முடியாதவர்கள் முதலில் பின்பக்கம் போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பக்கத்தைப் பற்றி யோசிக்கலாம்.